சொல்லித்தர ஆளில்லாமல் ஓவியம் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் படச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்களின் படம் இவற்றுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுவதுதான் பிழைப்பு. பக்கத்தில் ஓர் அலமாரி நிறையப் பென்சில், தாள், வண்ணம், தூரிகை விற்கிறேன். அந்த அலமாரிக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போன்றவர்கள். ஓவிய வகுப்பில் உட்கார்ந்ததில்லை, வீட்டில் வரைகிற ஆள் கிடையாது, கேட்கவும் யாருமில்லை. பத்து ரூபாய்ப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சந்தேகம் கேட்பார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் ஆசிரியன் அல்ல; பத்தொன்பது வருடமாகத் தனியாகத் தடுமாறி வரைகிறவன். அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

குரு இல்லாமல் ஓவியம் வருமா, அண்ணே?

வரும். 'குரு இல்லாத வித்தை கரு இல்லாத முட்டை' என்று பயமுறுத்த வீட்டுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று முதுகில் தட்டிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. இரண்டையும் நான் முழுதாக ஏற்பதில்லை. கைப்பழக்கம் என்றால் தப்பும் சேர்ந்துதான் பழகும். நான் ஆறு வருடம் மூக்கை ஒரே மாதிரித் தப்பாக வரைந்து, அந்தத் தப்பில் நல்ல தேர்ச்சியும் பெற்றிருந்தேன்.

ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். அடுத்து எதை வரைவது என்று சொல்கிறார். வரைந்ததில் எது தப்பு என்று காட்டுகிறார். இரண்டு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்கிறார். வெளியே நாலு பேருக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். நாலும் ஒரே ஆளிடம் கிடைப்பது பாக்கியம். கிடைக்காதவர் நாலு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். இதில் இரண்டாவதுதான் பெரிய இழப்பு. பாடம் இன்று எங்கும் கிடைக்கிறது. நம் படத்தைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்தான் கிடைப்பதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி, அந்தக் கண்ணை எங்கே இரவல் வாங்குவது என்பது பற்றியவை.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

கடைக்காரன் இதைச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்: எச்.பி. பென்சில் ஒன்று, அதைவிடக் கறுப்பான 2பி ஒன்று, இன்னும் கறுப்பான 6பி ஒன்று, ஒரு ரப்பர், ஒரு பிளேடு, ஒரு கட்டு ஏ4 தாள். தகர டப்பாவில் வரிசையாக அடுக்கிய 24 பென்சில் வேண்டாம். விலை கூடிய தாளும் வேண்டாம்; அதற்கு முன்னால் கை நடுங்கும்.

6பி-யை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனியாகப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் அழுத்தமான கறுப்பு என்றால் பயம். படம் முழுக்கச் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடுகிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது? வரிசை சொல்ல ஆளில்லையே.

வரிசையை ஏற்கெனவே சிலர் போட்டு வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியமும் உண்டு. 'லோயர்', 'ஹையர்' என்று டிராயிங் மாஸ்டர்கள் சொல்வது அதைத்தான். தேர்வு எழுதாவிட்டாலும் பழைய கேள்வித்தாள்களைப் பார்த்தால் எதற்குப் பிறகு எது என்று புரியும். வின்சென்ட் வான்கா 1880-இல், 27 வயதில், ஓவியம்தான் இனி என்று முடிவு செய்தபோது அவருக்கும் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. சார்ல் பார்க் என்பவர் மாணவர்களுக்காகத் தயாரித்த மாதிரிப் படத் தொகுதியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாளாகப் பார்த்து வரைந்தார். யாரோ போட்ட வரிசையில் நடந்தால் கௌரவம் குறைந்துவிடாது.

என்னைக் கேட்டால் சமையலறைச் சொம்பு ஒன்று போதும், ஒரு மாதத்துக்கு. அதை மேசையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வாய் நீள்வட்டமாகத் தெரியும். குனிந்து, வாயும் கண்ணும் ஒரே மட்டத்தில் வருமாறு பாருங்கள். நீள்வட்டம் ஒரு கோடாகிவிடும். எழுந்து நின்றால் கிட்டத்தட்ட முழு வட்டம். அப்படியானால் உட்கார்ந்து பார்க்கும்போது, கண்ணிலிருந்து இன்னும் கீழே இருக்கும் அடிப்பாகம் வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாக உருண்டு தெரிய வேண்டும். ஆனால் என்னிடம் காட்டப்பட்ட சொம்புகளில் பெரும்பாலானவை மேலே அழகான நீள்வட்டமும் கீழே நேர்கோடுமாக இருக்கின்றன. மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும். கண்ணைக் கேட்காமலேயே மூளை கோட்டை இழுத்துவிடுகிறது. தெரிந்ததை விட்டுத் தெரிவதை வரைவது என்று மாஸ்டர்கள் வகுப்பில் சொல்வார்களே, அந்தப் பாடம் முழுவதும் அந்தச் சொம்பின் அடியில் இருக்கிறது.

யூடியூபில் எல்லாமே இருக்கிறதே, அது போதாதா?

முதல் பதிலில் சொன்ன நாலில் ஒன்றை அது செய்யும்: அடுத்து எதை வரைவது என்று காட்டித்தரும். உங்கள் படத்தை அது பார்க்காது. இன்னொரு சிக்கல், பார்த்துக்கொண்டே இருந்தால் வரைந்துவிட்டது போன்ற நிறைவு வந்துவிடும். ஒரு பையன் மூன்று மாதத்தில் இருநூறு காணொளி பார்த்திருந்தான். கண், உதடு, தண்ணீர்த்துளி எல்லாவற்றுக்கும் சூத்திரம் சொன்னான். நோட்டில் நாலு பக்கம் நிரம்பவில்லை.

நான் வைத்துக்கொண்ட கணக்கு: பத்து நிமிடம் பார்த்தால் நாற்பது நிமிடம் வரைய வேண்டும். ஒருவரைப் பிடித்தால் அவருடைய வரிசையை முடிக்கும்வரை இன்னொருவரிடம் தாவக் கூடாது. விரலால் தேய்த்து ஷேடிங் போடச் சொல்பவர்களைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். தேய்த்தால் எல்லாம் வழவழப்பாகி, வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று முடிவெடுக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவிவிடலாம். அதனால்தான் அது அவ்வளவு பிரபலம்.

இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவது திருட்டு இல்லையா?

பழகுவதற்கு வரைந்தால் திருட்டில்லை. அதில் உங்கள் பெயரை மட்டும் போட்டுப் பெருமைப்பட்டால் பொய். விற்றால், மூல ஓவியருக்கு உரிமை இருக்கும்வரை குற்றம். இந்தியாவில் அந்த உரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டுகள்வரை நீடிக்கிறது. எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்று தாளின் மூலையில் எழுதும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

ராஜா ரவிவர்மாவின் கதை இதற்குப் பொருந்தும். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ண நுணுக்கத்தைச் சொல்லித்தர அவருக்கு மனமில்லை. தாம் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது ரவிவர்மா பார்த்தார், தனியாகப் போய்த் திரும்பத் திரும்ப முயன்றார். என் கடைக்குச் சட்டம் போட வரும் லட்சுமி, சரஸ்வதி படங்களில் பலவற்றுக்கு மூலம் அவருடைய ஓவியங்கள்தான்.

பார்த்து வரைவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் தடவை பார்த்துக்கொண்டே வரையுங்கள். மறுநாள் மூலத்தை மூடி வைத்து நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நினைவில் எங்கே ஓட்டை விழுந்ததோ அங்கே நீங்கள் பார்க்கவே இல்லை, வெறுமனே நகல் எடுத்திருக்கிறீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. நமக்கு அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஒரு தூணை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சித்திரை வீதியில் வந்து உட்கார்ந்து வரைந்து பாருங்கள்.

படத்தில் ஏதோ தப்பு என்று தெரிகிறது. என்னவென்றுதான் தெரியவில்லை.

கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். தப்பு இருப்பது தெரிகிறதென்றால் கண் கையைவிட முன்னால் போய்விட்டது. இனி அந்தக் கண்ணை ஏமாற்ற வேண்டும். ஒரே படத்தை இரண்டு மணி நேரம் பார்த்த கண் அதோடு சமாதானமாகிவிடும். அதற்கு அந்தப் படம் புதிதாகத் தெரியும்படி செய்தால் மறுபடியும் சண்டை போடும்.

எளிய வழி கண்ணாடி. படத்தைக் கண்ணாடிக்கு முன் பிடித்துப் பார்ப்பது 500 வருடத்துக்கு முன்பே லியானார்டோ டாவின்சி தம் குறிப்புகளில் சொன்ன யோசனை. போன ஆடியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஆச்சியின் முகத்தை வரைந்து எடுத்துவந்தான். இருபது நாள் உழைப்பு. சுருக்கம் ஒவ்வொன்றும், பாம்படம் தொங்கும் காதும் அவ்வளவு நேர்த்தி. "ஆச்சி மாதிரியே இருக்கிறது, ஆனால் ஆச்சி இல்லை" என்றான். சட்டத்துக்குக் கண்ணாடி அறுக்கிற மேசைக்குப் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். அதன் முன் பிடித்தோம். இரண்டு நொடிதான். "ஐயோ, கண் சாய்ந்திருக்கிறதே!" என்றான். வலது கண் இடது கண்ணைவிட ஒரு நெல் அளவு மேலே ஏறியிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனிடமிருந்த கண்ணையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது அந்தக் கண்ணாடி.

கண்ணாடி இல்லாவிட்டால் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். செல்போனில் படம் எடுத்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நிழல் சரியா என்று பார்க்கக் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். விவரமெல்லாம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி போட்டுப் பீரோவில் வையுங்கள், பத்து நாள் எடுக்காதீர்கள். பத்து நாள் கழித்துப் பார்க்கிறவர் கிட்டத்தட்ட வேறு ஆள்.

தப்பைக் கண்டுபிடிக்கப் பொதுவான அளவுகள் ஏதாவது உண்டா?

உண்டு. முகத்துக்கு ஒன்று: கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். உச்சந்தலையிலிருந்து மோவாய்வரை அளந்து பாருங்கள். புதிதாக வரைகிறவர்கள் கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள், மண்டைக்கு இடமே இருக்காது. சிற்பிகளுக்குத் தாளக் கணக்கு இருக்கிறது: முக நீளம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம், உயர்ந்த தெய்வங்களுக்குரிய 'உத்தம தசதாளம்' என்ற அளவு முறையில் மொத்த உயரம் 124 அங்குலம். சுவாமிமலையில் விக்கிரகம் செய்கிற ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து இந்த அளவை எடுக்கிறார்கள். செய்யப்போகும் விக்கிரகத்தின் உயரமே அங்கே அளவுகோல் ஆகிவிடுகிறது. அங்குலம் என்றாலும் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல. கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, சொம்பின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கிறோமே, அதுவும் இதே புத்திதான்.

அளவு தப்பைக் காட்டும். உயிரைக் காட்டாது.

வீட்டில் காட்டினால் எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள். யாரை நம்புவது?

அவர்கள் பொய் சொல்லவில்லை; உங்கள் மேல் உள்ள பிரியத்தைச் சொல்கிறார்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். 'பார்த்ததும் உன் கண் முதலில் எங்கே போயிற்று?', 'இந்த ஆளுக்கு என்ன வயது இருக்கும்?', 'வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?' வரையத் தெரியாதவர்கள்கூட இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். முப்பது வயது அக்காவை வரைந்துவிட்டு, அம்மா 'ஐம்பது இருக்கும்' என்று சொன்னால், மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கும் அந்த இரண்டு கோடுகளை அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எனக்குக் கிடைத்த சிறந்த விமர்சனம் ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. கடைப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு கோயில் சுவர் வேலைக்குப் போய்விட்டார். தூரிகை வாங்க வந்த இடத்தில் நான் மாட்டியிருந்த என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏன் தம்பி, யாருக்குமே கை இல்லையே?" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஒருவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார், ஒருத்தி முந்தானைக்குள் வைத்திருந்தாள், ஒரு பையன் பாக்கெட்டில் விட்டிருந்தான். கை வரையத் தெரியாததை எட்டு வருடமாக இப்படி மறைத்து வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அந்த வருடம் முழுக்கக் கை மட்டும் வரைந்தேன்.

பெரிய ஓவியர் ஒருவருக்கு எழுதலாமா? பதில் வருமா?

எழுதலாம். 'எனக்கு வழிகாட்டுங்கள் ஐயா' என்று எழுதினால் அநேகமாக வராது. அவர் என்ன செய்ய முடியும்? உங்கள் வாழ்க்கையையே தூக்கி அவர் மடியில் வைக்கிறீர்கள். ஒரே படத்தை அனுப்பி, ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்தத் திண்ணையில் வெயில் விழுந்த இடம் வெளிறித் தெரிகிறது, நிழலை இன்னும் அழுத்த வேண்டுமா, வெயிலின் நிறத்தை மாற்ற வேண்டுமா?' இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்குப் பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் வந்தால் அவர் சொன்னதைச் செய்து, திருத்திய படத்தை அனுப்புங்கள். பலர் நன்றி சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். சொன்னதைச் செய்து காட்டியவரைத்தான் அவர் அடுத்த முறை ஞாபகம் வைத்திருப்பார். பதில் வராவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் வேலை இருக்கிறது.

ஏகலைவன் மாதிரி ஒருவரை மனத்துக்குள் குருவாக வைத்துக்கொண்டால்?

வைத்துக்கொள்ளலாம், மண் பொம்மை தப்பைச் சொல்லாது என்பதை மறக்காத வரையில். அடுத்த ஆபத்து கட்டைவிரல். ஒரே ஓவியரை நாலைந்து வருடம் தொழுது வரைந்தவர்கள் கடைசியில் தங்கள் கையை அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள்; அவர் போடும் கோட்டைத் தவிர வேறு கோடு வராது. வாரப் பத்திரிகைப் படங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறையில் இது நிறைய. எனவே மூன்று பேரையாவது வையுங்கள், மூவரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்களாக இருக்கட்டும். ஒருவர் கோட்டில் கெட்டிக்காரர், ஒருவர் வண்ணத்தில், இன்னொருவர் எதை வரையாமல் விடுவது என்பதில்.

ஓவியப் புத்தகங்களின் விலை கைக்கு எட்டாது. மதுரைக்காரர்களுக்குப் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இலிருந்து இருக்கிறது. செல்போன் திரையில் பார்ப்பதற்கும், புத்தகத்தை மடியில் விரித்து ஒரு பக்கத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே போனால் தெரியும்.

என்னைப் போல ஆசிரியர் இல்லாத நாலு பேர் சேர்ந்தால் பயன் உண்டா? குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதுபோல் ஆகாதா?

ஆகாது. நாலு பேருக்கும் ஒரே இடத்தில் கண் தெரியாமல் போவதில்லை. நாங்கள் ஐந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமலை நாயக்கர் மகாலில் கூடுகிறோம். தூணும் வளைவும் வரிசையாக உள்ளே ஓடும் அந்தக் கூடம் தொலைவைக் காட்டப் பழகுவதற்கென்றே 1636-இல் கட்டியதுபோல் இருக்கும். ஐவரும் ஒரே வளைவை வரைவோம். முடிந்ததும் தாள்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்ப்போம். யாருடைய வளைவு மேலே போகப்போக ஒல்லியாகிறது, யார் தூணை நிமிர்த்த மறந்தார் என்பதை யாரும் சொல்லவே வேண்டாம்; பக்கத்துத் தாளே சொல்லிவிடும்.

எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. வரைந்தவர் முதலில் பேசக் கூடாது. 'அவசரத்தில் போட்டேன்', 'பேப்பர் சரியில்லை' என்ற முன்னுரை கிடையாது.

காலையில் எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. எப்போது வரைவது?

பஸ் நிலையத்தில். உள்ளங்கை அளவு நோட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா. ரப்பர் கிடையாது என்பதால் தைரியம் வரும். காத்திருப்பவர்கள் அசைந்துகொண்டே இருப்பார்கள்; முழுதாக ஒருவரையும் முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். ஒரு தோள் சாய்வு, கூடையைப் பிடித்த விதம், அவ்வளவு போதும். பத்து நிமிடம் தினமும் என்பது ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரத்தைவிட உருப்படியானது.

முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வேலை, வராவிட்டால் கேட்பது, அதை ஒரு நண்பரிடம் ஒப்படையுங்கள். அவர் வரைபவராக இருக்க வேண்டியதில்லை. என் மைத்துனர் கணக்கர். இரவு ஒன்பது மணிக்கு 'இன்றைய பக்கம்?' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தின் எண்ணை மட்டும் பார்ப்பார்.

ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். முன்னேற்றமே இல்லை.

ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தை எடுத்து, அதையே இன்று மறுபடி வரையுங்கள். தேதி போடச் சொன்னது இதற்கும்தான். உண்மையிலேயே நிற்கிறீர்கள் என்றால் நன்றாக வருவதையே வரைந்துகொண்டிருக்கிறீர்கள். கடைசி முப்பது படங்களைத் தரையில் பரப்பி, அவற்றில் எது இல்லை என்று தேடுங்கள். என்னுடையதில் கை இல்லை. உங்களுடையதில் முழு உருவம் இல்லாமல் இருக்கலாம், பின்னணி இல்லாமல் இருக்கலாம், எல்லா முகமும் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போட்டோவைப் பார்த்து வரைவது தவறா?

தவறில்லை, என் கடைக்கு வரும் ஆர்டர் எல்லாமே போட்டோதான். ஆனால் செல்போனை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும். அதை அப்படியே வரைந்துவிட்டு ஏன் சாயல் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆறேழு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். நேரில் பார்த்து வரையும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தக் கோணல் தெரியாது. அதனால் சொம்பை விட்டுவிடாதீர்கள்.

எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்?

இதைத் தேடாதீர்கள். மூக்கைத் தப்பாக வரைந்த ஆறு வருடத்தில் எனக்கும் பாணி இருந்தது.

வயது 44. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். இனிமேல் ஆரம்பித்தால் சிரிப்பார்களா?

சிரிப்பார்கள், ஒரு மாதம். பிறகு பேத்தி படம் வரைந்து தரச் சொல்லி வருவார்கள். வயதானவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பார்க்கும் பொறுமை. சிறுவர்கள் சொம்பை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பத்துக் கோடு போடுவார்கள். உங்கள் வயதுக்காரர்கள் பத்துத் தடவை பார்த்துவிட்டு ஒரு கோடு போடுகிறார்கள். கை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசிப் பெரிய தாளில் வரைந்தால் தளரும்.

'இது சோறு போடுமா?' என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்வது?

அப்பா கேட்பது நியாயம். உடனே போடாது என்று உண்மையைச் சொல்லுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஏற்படுத்தியபோது, ஓவியத்தை மட்டும் நம்பவில்லை. பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் நிலத்தையும் வாழ்க்கையையும் நிலைநிறுத்தினார்கள். பக்க வருமானம் ஓவியத்துக்குத் துரோகம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். என் சட்டக் கடையும் அப்படித்தான்.

முறையாகப் படிக்க வாய்ப்பிருந்தால் அதை விடாதீர்கள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்கு 1850-இலிருந்து வரலாறு இருக்கிறது. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. தானாகக் கற்றவன் என்று மார்தட்டிக்கொள்வதற்காகக் கல்லூரியை ஒதுக்குவது வீம்பு.

கணினியே நொடியில் படம் போட்டுத் தருகிறதே, நான் எதற்கு?

ஆர்டர் வேலையில் ஒரு பகுதி போகும், அதை மறைக்க விரும்பவில்லை. பலகை எழுதிய பெரியவரிடமிருந்து ஃபிளெக்ஸ் எதைப் பறித்தது என்று பார்த்தவன். ஆனால் ஜவுளிக்கடைத் தம்பி ஆச்சியின் முகத்தை இருபது நாள் உற்றுப் பார்த்தான். படம் வேண்டும் என்பதற்காக மட்டும் அவன் அதைச் செய்யவில்லை.

மனம் விட்டுப்போகிறது. கிழித்துப் போடத் தோன்றுகிறது. யாரிடம் சொல்வது?

அன்றைக்கே கிழிக்காதீர்கள், பத்து நாள் பீரோவில் வையுங்கள், பிறகு கிழிக்கலாம். வான்காவுக்குத் தம்பி தியோ இருந்தார். தம்பிக்கு வான்கா எழுதிய கடிதங்களைப் படித்தால், பெரும்பாலும் இன்று என்ன வரைந்தேன், எது சரிவரவில்லை, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதுதான். ஓரத்தில் சின்னதாகப் படமும் போட்டுக் காட்டுவார். எனக்குக் கடிதம் எழுத ஆளில்லை. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் இரண்டு வரி எழுதுகிறேன்: எதை முயன்றேன், எங்கே வழுக்கியது. 'கேவலம்' என்று எழுதுவதில்லை. 'தாடை நிழல் மெலிவு' என்று எழுதுகிறேன். திட்டினால் மறுநாள் உட்கார மனம் வராது, குறை எழுதியிருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

வரைவதில் மட்டும் அல்லாமல் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது பென்சில் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

பின்னால் நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் இதுவரை பழகியது எல்லாம் வீணா?

வீணாகாது, ஆனால் வலிக்கும். பென்சில் பிடிப்பதையே மாற்றச் சொல்லலாம். இரண்டு மாதம் முன்பைவிட மோசமாக வரைவீர்கள். அவர் சொல்வது சரியா என்று பார்க்க அந்த இரண்டு மாதத்தைக் கொடுங்கள். கொடுக்காமல் வாதாடுவது தனியாகக் கற்றவர்களின் பொதுவான குணம், எனக்கும் உண்டு. போகும்போது நல்ல படங்களைப் பொறுக்கி எடுத்துப் போகாதீர்கள். பின்புறம் எழுதிய கட்டு முழுவதையும் கொண்டுபோங்கள். சில வருட வைத்தியக் குறிப்பைக் கையில் வைத்திருக்கும் நோயாளிமேல் டாக்டருக்கு ஒரு மரியாதை வரும்.

ஆசிரியர் கிடைப்பாரா என்று காத்திருக்கவும் வேண்டாம். அவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார் என்று எதிர்பார்த்தால் வரமாட்டார். பலகை எழுதிய பெரியவர் வருடத்துக்கு ஒரு தடவை தூரிகை வாங்க வருகிறார். போன மாதமும் வந்தார். கையாகவே வரைந்து தள்ளிய பிறகு மாட்டிய என் புதுப் படங்களை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"கை வந்துவிட்டது" என்றார். "காலெல்லாம் ஏன் தம்பி புல்லுக்குள்ளேயே இருக்கிறது?"